சனிக்கிரகத்து இசைத்தட்டும் திண்டிவனத்து முகவீணையும்

தமிழ்ச் சூழலில் ஈராண்டுக்கொருமுறை தவறாமல் எழும் ஒப்பாரிகளில் ஒன்று, விண்வெளிக்குப் போன தங்கத் தட்டில் தமிழ் இல்லை என்பது. 1977இல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒன்று பொருத்தப்பட்டது. 55 மொழிகளில் வாழ்த்து, ஏறத்தாழ 90 நிமிட இசை, இடி, தவளை, ரயில், முத்தம் எனப் பூமியின் ஓசைகள், நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். வாழ்த்துச் சொன்ன மொழிகளில் தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, சிங்களம் உண்டு. பேசுவோர் அற்றுப்போய் ஆயிரக்கணக்கான ஆண்டுகளான சுமேரியமும் அக்காடியமும் உண்டு. திமிங்கலங்களின் பாட்டுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. தமிழ் மட்டும் இல்லை.

தகவல் உண்மை. அதன்மேல் நம்மவர்கள் எழுப்பும் மாளிகைதான் பொய். வடவர் சூழ்ச்சி என்றார் ஒருவர், சிங்களப் பேரினவாதத்தின் நீண்ட கை என்றார் இன்னொருவர். உலகின் மூத்த மொழியைக் கண்டு நாசாவே அஞ்சிவிட்டது என்றெழுதிய மூன்றாமவரும் உண்டு. இவற்றை எழுதுகிறவர்கள் அரசியல் மேடைப் பேச்சாளர்களாக இருந்தால் நாங்கள் சும்மா இருந்திருப்போம். சிற்றிதழ் வாசித்து வளர்ந்தவர்கள், போர்ஹேஸையும் மௌனியையும் ஒரே மூச்சில் பேசக்கூடியவர்கள் இதை எழுதும்போதுதான் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

நடந்தது இவ்வளவே. கார்ல் சேகனின் சிறு குழுவுக்குத் தரப்பட்ட அவகாசம் மிகக் குறைவு. கோர்னெல் பல்கலைக்கழகத்தில், அந்த வட்டாரத்தில் அந்தச் சில நாள்களுக்குள் கிடைத்தவர்களை அழைத்து ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார்கள். ஆள் கிடைத்த மொழி ஏறியது. கிடைக்காத மொழி நின்றது. இசைத் தேர்வின் கதை இன்னும் சுவையானது. இந்தியாவிலிருந்து கேசர்பாய் கேர்க்கரின் பைரவியை எடுங்கள் என்று பரிந்துரைத்தவர் ராபர்ட் பிரவுன். மிருதங்கத்தைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியவர் அவர். டி. ரங்கநாதனிடம் பயின்று, பின்னர் அவரை வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் சென்று மாணவர்களுக்குக் கற்பிக்க வைத்தவரும் அவரே. சென்னையை அறியாத வடவர் எவரும் நம்மை ஒதுக்கிவிடவில்லை. சென்னையை நன்றாகவே அறிந்த ஒருவர், தமக்குத் தெரிந்ததில் ஆகச் சிறந்தது என்று கோவாவில் பிறந்த ஒரு கிழவியின் குரலைக் காட்டினார். அந்தத் தட்டு எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் நியூயார்க்கின் லெக்ஸிங்டன் சாலையில் இந்தியர் ஒருவர் நடத்திய மின்சாதனக் கடையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் அகப்பட்டது. வாயேஜர் 1 புறப்பட்டது 1977 செப்டம்பர் 5இல். கேசர்பாய் இறந்தது பதினொரு நாள் கழித்து. ஒரு கடைக்காரரின் அட்டைப்பெட்டி காலியாக இருந்திருந்தால் வேறொரு பாட்டு போயிருக்கும். மானுடகுலத்தின் இசைத் தூது தீர்மானமான விதம் இது. இதில் சதியைத் தேடுகிறவர்கள் நகைச்சுவையைத் தவறவிடுகிறார்கள்.

அந்தத் தட்டே ஒரு விஞ்ஞானப் புனைகதைதான். கேட்கப்போவது யாரென்று தெரியாது. அவர்களுக்குக் காது உண்டா என்பதும் தெரியாது. ஆனாலும் முள் இணைத்து, நிமிடத்துக்கு 16⅔ சுற்று என்று ஓட்டும் வேகத்தையும் உறைமீது கோட்டோவியமாய் வரைந்து அனுப்பினார்கள். நூறு கோடி ஆண்டுக்கும் மேலாக அழியாது என்று கணக்கும் போட்டார்கள். நாங்கள் இதைக் கேலி செய்யவில்லை. ஒரு கம்பெனி இப்படிப்பட்ட கிறுக்குத்தனத்தில் தோன்றலாம். தோன்றிய பின் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

இரண்டு கம்பெனிகளைச் சொல்கிறோம். முதலாவது சாடர்ன். சன் ரா என்ற ஜாஸ் கலைஞர் தாம் சனிக்கிரகத்திலிருந்து வந்தவர் என்று வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார். (அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் 1914இல் ஹெர்மன் பிளவுண்ட் என்ற பெயரில் பிறந்ததற்குச் சான்று உண்டு, அவர் அதைப் பொருட்படுத்தியதில்லை.) 1950களில் சிகாகோவில் ஆல்டன் ஆப்ரஹாம் என்ற நண்பரோடு சேர்ந்து அந்தக் கிரகத்தின் பெயரிலேயே இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். பெரிய கம்பெனிகள் கறுப்பினக் கலைஞனின் இசையை வாங்கி, உரிமையையும் வைத்துக்கொண்ட காலம் அது. இவர்களோ தாங்களே பதிந்தார்கள், சிறு எண்ணிக்கையில் அச்சிட்டார்கள், உறைகளில் கையால் படம் வரைந்தார்கள், கச்சேரி முடிந்ததும் மேடையருகிலேயே விற்றார்கள். யார் எப்போது என்ன வாசித்தார்கள் என்பதில் அந்தத் தட்டுகளில் குழப்பம் ஏராளம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அதைப் பிரித்தறியவே பல்லாண்டு உழைத்தார்கள். ஆனால் பிரித்தறிய ஒரு தட்டு இருந்தது.

இரண்டாவது ஓஸ்மா. 1960இல் ஃபிராங்க் டிரேக் என்ற வானியலாளர் இரண்டு நட்சத்திரங்களை நோக்கி ரேடியோத் தொலைநோக்கியைத் திருப்பி, யாரேனும் பேசுகிறார்களா என்று காது கொடுத்தார். அந்த முயற்சிக்கு அவர் வைத்த பெயர், ஓஸ் என்ற மாயதேசத்துச் சிறுவர் கதைகளில் வரும் இளவரசியின் பெயர். அந்தப் பெயரைத் தாங்கித் தோன்றிய அமெரிக்கச் சிறு நிறுவனம் ஒன்று, வாயேஜரின் தட்டை நாற்பதாண்டு கழித்து 2017இல் பூமியில் இருப்பவர்களும் வாங்கிக் கேட்கும்படி வெளியிட்டது. பத்தாயிரம் பேருக்கு மேல் முன்பணம் கட்டினார்கள். மறு ஆண்டு கிராமி விருதும் வந்தது. எங்கள் கவனத்தை ஈர்த்தது விருதன்று. மூலத் தட்டின் பட்டியலில் பப்புவா நியூகினியின் ஆண்கள் இல்லப் பாட்டு என்று மட்டும் ஒரு வரி இருந்தது. ஊதியவர் யார் என்பதில்லை. ஓஸ்மாக்காரர்கள் பழைய பதிவுகளைத் துருவி, நியாவுரா குலத்துப் பிரானிஸ் பண்டாங், கும்புய் என்று இரண்டு பெயர்களைக் கண்டெடுத்துத் தங்கள் வெளியீட்டில் அச்சிட்டார்கள். சூரிய மண்டலத்தைத் தாண்டிப் பறக்கும் தட்டில் இல்லாத பெயர்கள், பூமியில் ஒரு சிறு கம்பெனியின் அட்டையில் இருக்கின்றன.

நம்முடைய விஞ்ஞானப் புனைகதைக்கு வருவோம். லெமூரியா என்ற பெயரை 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் உண்டாக்கினார். லெமூர் என்ற விலங்கு மடகாஸ்கரில் இருக்க, அதன் சுற்றத்தார் இந்தியப் பக்கத்திலும் எப்படி வந்தார்கள் என்று விளக்க அவருக்கு ஒரு நிலப்பாலம் தேவைப்பட்டது. கண்டங்கள் நகர்கின்றன என்பது உறுதிப்பட்டதும் அந்தப் பாலம் அறிவியலுக்குத் தேவையற்றுப் போயிற்று. ஆனால் அதற்குள் பிரம்மஞானிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிளாவட்ஸ்கி அம்மையார் அங்கே முட்டையிட்டு இனம் பெருக்கிய மனிதர்களைக் குடியேற்றினார். ஸ்காட்-எலியட் 1904இல் எழுதிய நூலில், அவர்களுக்கு நாகரிகம் கற்பிக்க வெள்ளிக் கிரகத்திலிருந்து ஆசான்களே வந்தார்கள். இந்த அண்டப்புளுகைத்தான் நாம் அடியார்க்குநல்லார் உரையில் வரும் கடல்கோள் குறிப்போடு ஒட்டி, குமரிக்கண்டம் என்று பாடநூல்வரை கொண்டுபோனோம். கடல் கொண்ட நிலத்தைப் பற்றிய இலக்கிய நினைவு மதிக்கத்தக்க பழஞ்செய்தி. லெமூரியா லண்டன் சரக்கு.

இங்கே இதை ஏன் இழுக்கிறோம் என்றால், தெருக்கூத்தைப் பற்றி நம் இதழ்களில் வரும் கட்டுரைகளில் பாதி, கூத்தை அந்த லெமூரியாவில் கொண்டுபோய் நிறுத்தித்தான் தொடங்குகின்றன. ஆதித் தமிழனின் அரங்கு, பதினாயிரம் ஆண்டு மரபு, கடல்கோளில் தப்பிய கலை. இவ்வளவு பழமை கொடுத்த பின், நேற்றிரவு ஆடியவன் பெயரைக் கேட்க யாருக்குத் தோன்றும்? பதினாயிரம் ஆண்டுக் கலைக்குப் பாடகன் தேவையில்லை, அது தானே பாடிக்கொள்ளும் என்ற நினைப்பு போலும்.

விழுப்புரத்தையும் செஞ்சியையும் திண்டிவனத்தையும் மூன்று கோடுகளால் இணைத்தால் உள்ளேயும் சுற்றிலும் விழும் ஊர்கள் பலவற்றில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. செஞ்சிக்கு அருகே மேலச்சேரிதான் அத்தனைக்கும் மூலம் என்பது பக்தர் நம்பிக்கை. பாரதப் போர் முடிந்து நெடுங்காலம் கழித்துச் செஞ்சி மன்னனைக் காக்கத் திரௌபதி இரண்டாம் முறை அங்கே தோன்றினாள் என்பது தலக்கதை. ஆல்ஃப் ஹில்டபைடல் தம் பெருநூலின் முதல் தொகுதிக்கு (1988) செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்று துணைத்தலைப்பு இட்டது இதனால்தான். இதுவும் நம்பத்தகாத தோற்றக் கதைதானே என்று எவரேனும் மடக்கலாம். ஆமாம். ஆனால் இந்தக் கதை ஆண்டுதோறும் வேலை செய்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை கூத்து, கடைசியில் தரையில் மண்ணால் கிடத்திய துரியோதனனைச் சுற்றிப் படுகளம், திரௌபதி கூந்தல் முடிப்பது, மாலையில் தீமிதி. ஊர் வரி கொடுக்கிறது, மேளம் வருகிறது, உலை கொதிக்கிறது. நம் லெமூரியா இதுவரை கொதிக்கவைத்தது கட்டுரையாசிரியர்களின் ரத்தத்தை மட்டுமே.

ஒரு கூத்து எட்டு மணி நேரம். பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாய்க் கொள்ளும். அதாவது கர்ண மோட்சத்தை முழுதாய்ப் பதிய எழுபது, எண்பது தட்டுகள் வேண்டும். வாயேஜரின் தட்டிலேயே பதிந்தாலும் ஐந்து போதாது. கிராமபோன் கம்பெனிகள் கம்பெனி நாடகத்தைத் தழுவிக்கொண்டு கூத்தை விட்டதற்குச் சாதியும் நகரமும் எவ்வளவு காரணமோ அவ்வளவு இந்தக் கணக்கும் காரணம். நாடகப் பாட்டைத் துண்டு போடலாம். நாடகத்தையே சுருக்கித் தட்டுகளின் தொகுப்பாய் விற்கவும் செய்தார்கள். விருத்தமும் தருவும் வசனமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும் கூத்தில் எந்த மூன்று நிமிடத்தை வெட்டுவது? ஆக, 1933இல் 27 வயதில் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் இன்றும் நம் காதில் விழுகிறது. அதே ஆண்டில் செஞ்சிப் பக்கம் துரியோதனன் கட்டிய கூத்தாடியின் குரலை விடுங்கள், பெயரையாவது சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

நாடா வந்தபோது அந்தத் தடை தளர்ந்தது. குறுந்தகடு வந்தபோது இன்னும் தளர்ந்தது. இப்போது இணையத்தில் காணொளியாய் முழு இரவும் கிடைக்கிறது. பிறகென்ன குறை என்று கேட்கும் நண்பர்கள், அவற்றில் பத்தைத் திறந்து பார்க்கட்டும். ஊர்ப் பெயர் இருக்கும், திருவிழா நாள் இருக்கும், படம் பிடித்த ஸ்டுடியோவின் கைபேசி எண் மூன்று இடத்தில் நீந்தும். நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் பாடியவர் பெயர் கிடையாது. முகவீணைக்காரர் பெயர் அநேகமாக எதிலுமே கிடையாது. ஒலியோ, ஒலிபெருக்கிக்காரன் கொடுத்ததை அப்படியே பிடித்தது. ஆர்மோனியம் ஒலிவாங்கியை விழுங்கியிருக்கும். முகவீணை தொலைவில் கொசுப்போல் ரீங்கரிக்கும். சாணளவே உள்ள அந்தக் குழல், உச்சத்தில் பாடும் குரலுக்கும் மேலே ஏறி நின்று அடுத்த அடிக்கான சுருதியை எடுத்துக் கொடுப்பது. அதை வாசிப்போர் அருகிக்கொண்டு வருகிறார்கள். முகவீணை இல்லாமலே ஆர்மோனியத்தை வைத்து இரவை ஒப்பேற்றும் குழுக்கள் வந்துவிட்டன. எங்கள் அவசரம் இதுதான். தமிழ் வாழ்த்து ஒன்றை விண்வெளிக்கு அனுப்ப இன்னும் நூறாண்டு காத்திருக்கலாம், குடி முழுகாது. ஒரு முகவீணைக்காரர் போய்விட்டால் அவர் கையிலிருந்த தருக்களின் இசையை எந்த நாசாவும் மீட்டுத் தராது.

1902இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான், தட்டு முடியும் தறுவாயில் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் அறிவித்தார். எந்தத் தட்டு யாருடையது என்று தொழிற்சாலையில் இருந்தவர்கள் தெரிந்துகொள்ள அது உதவியது என்பார்கள். எந்தக் காரணமாயினும், நூற்றிருபது ஆண்டு கழித்தும் அந்தப் பெயர் கேட்கிறது. அமெரிக்கரான ரிச்சர்ட் ஃபிராஸ்கா (1990), டச்சுக்காரரான ஹன்னே டி புரூயின் (1999) போன்றோரின் ஆய்வு நூல்களில் கூத்துக் கலைஞர்கள் பெயரோடு பேசப்படுகிறார்கள். அயலார் புத்தகத்தில் பெயரும், சொந்த ஊர்க் காணொளியில் பெயரின்மையும் என்ற இந்த நிலைக்கு வெட்கப்படாமல், வாயேஜருக்காக வெட்கப்படுவது என்ன வகை மானம்?

எதிர்வாதங்கள் எங்களுக்குத் தெரியாதவை அல்ல. கூத்து நிகழ்கலை, அந்த இரவோடு பிறந்து அந்த இரவோடு முடிவது, பதிவு அதன் பிணம் என்று நவீன நாடகக்காரர்கள் சொல்வதுண்டு. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய நாளிலிருந்து (வாயேஜர் கிளம்பிய ஆண்டும் அதுவே) நம் தலைமுறைகள் கூத்திலிருந்து அசைவைக் கற்றன, ஒப்பனையைக் கற்றன, கட்டியக்காரனின் எள்ளலைக் கற்றன. அதனால் கூத்து கண்ணுக்குரிய கலை என்ற எண்ணமும் படித்தவர்களிடம் ஊன்றிவிட்டது. ஊரில் கேட்டுப் பாருங்கள். கோயில் திடலில் பாதிப்பேர் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள். அவன் விருத்தம் எடுத்தான் பாரு என்றுதான் மறுநாள் பேச்சு. கூத்தைப் பிணமாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கவலை, வருடத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு விழாவில் ஒரு மணி நேரத்துக்கு வெட்டிய கூத்தைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களுக்கு ஏன் வருகிறது என்பது எங்களுக்குப் புரிந்ததில்லை.

அரசு செய்யட்டும் என்பது இன்னொன்று. செய்யட்டும். நாங்கள் தடுக்கவில்லை.

யார் வாங்குவார்கள் என்பதுதான் சற்றே கனமான கேள்வி. இலக்கிய வாசகர் வாங்கமாட்டார் என்பது உறுதி. (புத்தகக் கண்காட்சியில் கவிதைத் தொகுப்பு விற்ற அனுபவம் உள்ளவர்களிடம் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.) வாங்குபவர்கள் திடலில் இருக்கிறார்கள். திண்டிவனம் பக்கத்திலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போனவர்கள், தீமிதிக்கு ஊர் திரும்புபவர்கள், பேருந்தில் கைபேசியில் கூத்துக் கேட்டுக்கொண்டு போகிறவர்கள். சன் ரா செய்ததுபோல் ஆடிய இடத்திலேயே, ஆடியவர்களே விற்க வேண்டும். ஒலி நன்றாக இருந்து, வருமானம் குழுவின் கைக்குப் போகும் என்று தெரிந்தால் கொடுக்கிற மக்கள்தான். வேடக்காரர் மேடையேறியதும் சட்டையில் ரூபாய் குத்தி, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லச் செய்கிறவர்கள் அவர்கள். அங்கே கொடுத்தவர் பெயர் தவறுவதே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் அச்சிடுவது என்றதும் வேறொன்றும் கிளம்பும். கிளம்ப வேண்டும். 2023 ஜூனில் விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. பட்டியல் சாதியினர் உள்ளே வரக்கூடாது என்று ஊரின் ஒரு பகுதி நின்றதால் வந்த பூட்டு. 2025 ஏப்ரலில்தான், நீதிமன்ற உத்தரவுக்குப் பின், காவல்துறைப் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே போய் வணங்க முடிந்தது. ஆதித் தமிழனின் அரங்கு என்று எழுதும்போது இந்தப் பூட்டு கண்ணில் படாது. எவர் ஆடினார், எவர் மேளம் அடித்தார், எவர் திடலின் எந்தப் பக்கம் நின்று கேட்டார், எவருக்குக் கூலி எவ்வளவு என்று ஒவ்வொரு பதிவின் உறையிலும் குறிக்கத் தொடங்கினால் பட்டே தீரும். விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த பழமலய், சனங்களின் கதையில் (1988) தம் மனிதர்களை ஊரும் உறவும் தொழிலுமாகக் கவிதைக்குள் கொண்டுவந்தபோது, இதெல்லாம் கவிதையா என்று கேட்டவர்கள் உண்டு. பழங்காலம் வசதியானது, அதில் எவருக்கும் அண்டை வீட்டார் இல்லை.

ஆகவே எங்கள் யோசனை சின்னது. விழுப்புரம், திண்டிவனம் இரண்டில் ஏதேனும் ஓர் ஊரில், இரண்டு நல்ல ஒலிவாங்கிகளும் ஒரு பதிவுக் கருவியும் கொண்டு ஓர் இசை நிறுவனம். ஒலிவாங்கிகளில் ஒன்று முகவீணைக்கு மட்டும். பருவத்துக்கு ஒரு குழு, ஒரு முழு இரவு, வெட்டில்லாமல். முன்னதாகவே எழுத்தில் ஒப்பந்தம்: பாட்டின் உரிமை குழுவுக்கு, நிறுவனத்துக்கு விற்கும் அனுமதி மட்டும். வாத்தியார் சம்மதிக்காத இரவைப் பதிவதில்லை. சித்திரை, வைகாசி, ஆனியில் குழுக்களுக்கு மூச்சுவிட நேரமிராது. பேசுவதற்குப் பங்குனிக்கு முன்பே போய்விட வேண்டும்.

நிறுவனத்துக்குத் தோற்றக் கதை வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களை ஏமாற்ற விரும்பவில்லை. திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரிப் பக்கம் போனால் திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்கிறது இந்திய நிலவியல் ஆய்வுத்துறை. அந்தக் கல்மரங்களுக்குள்ளிருந்து முகவீணை பிறந்தது என்று வேண்டுமானால் உறையின் பின்புறம் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளிக் கிரகத்து ஆசான்களைவிட அது எவ்வளவோ தேவலை. பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனம் என்பதற்குப் புளியங்காடு என்று பொருள் சொல்கிறார்கள். புளியங்காடு இசைத்தட்டு நிறுவனம் என்று வைத்தால் எவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

எங்களுக்குள் இன்னும் தீராத ஒரே வழக்கு, உறையில் பெயர்களின் வரிசை. குழுவுக்கு வாத்தியார், அவர் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்கிறார்கள் சிலர். கட்டியக்காரன்தானே முதலில் வருகிறான் என்கிறார்கள் வேறு சிலர். முகவீணைக்காரரை முதலில் போட்டு, பின்பாட்டுக்காரர், மிருதங்கக்காரர், தாளக்காரர், வேடக்காரர்கள் என்று இறங்கி, வாத்தியாரைக் கடைசியில் போடலாம் என்று பெரும்பான்மை கருதுகிறது. முடிவை அந்தந்தக் குழுவிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.